பண்ணைப்புரத்துப் பாட்டு லண்டனுக்குப் போன கதை

பண்ணைப்புரம் எங்கே? லண்டன் மாநகரம் எங்கே?

ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர். மற்றொன்று, உலகத்துச் சங்கீத நிபுணர்கள் எல்லாம் "அங்கே ஒரு தடவை வாசிக்க மாட்டோமா?" என்று ஏங்கும் பெரு நகரம்.

இரண்டுக்கும் நடுவே மலை, காடு, கடல், பாஷை எல்லாம் குறுக்கே நிற்கின்றன. இத்தனையையும் ஒரு மனிதரின் பாட்டு தாண்டியது. அதைச் சுமந்து சென்றது ஒரு தாள். ஐந்து கோடு போட்ட சாதாரணத் தாள்!

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் 8-ந் தேதி. லண்டனில் ஹாமர்ஸ்மித் என்ற பகுதியில் அப்பல்லோ அரங்கம் இருக்கிறது. 1932-ம் ஆண்டு சினிமாக் கொட்டகையாகத் திறக்கப்பட்ட மண்டபம் அது. அன்று மாலை அதன் மேடையில் ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ராவின் கலைஞர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருந்தார்கள். வயலின், செல்லோ, புல்லாங்குழல், எக்காளம், முரசு என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாத்தியம். எல்லோருக்கும் எதிரே ஒரு சிறு தாங்கி. அதன்மேல் ஒரு தாள்.

மிகேல் டாம்ஸ் என்பவர் கையில் சிறு கோலைப் பிடித்துக்கொண்டு ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினார். கோல் அசைந்தது. இசை எழுந்தது. "வேலியண்ட்" என்ற சிம்பொனி அங்கே அரங்கேறியது.

அதை எழுதியவர் இளையராஜா. பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அன்று அவருக்கு வயது 81.

வாசித்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. பண்ணைப்புரத்தை அவர்கள் பார்த்ததும் இல்லை. ஆனால் அவர் மனதில் என்ன ஒலித்ததோ, அதை அப்படியே வாசித்தார்கள். இது எப்படி நடந்தது?

"பாட்டு சோறு போடுமா?"

தேனி மாவட்டத்தின் மற்றொரு பக்கம், பெரியகுளம் வட்டத்தில், வராக நதி பாயும் வயல்களுக்கு நடுவே ஜெயமங்கலம் இருக்கிறது. இதே மாவட்டம். இதே மலைக் காற்று.

இந்த ஊரிலோ, பக்கத்து மேல்மங்கலத்திலோ, வடுகபட்டியிலோ ஒரு வீட்டில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கோவில் திருவிழா மேடையில் கீ-போர்டு வாசிக்கிறான். நாலு பேர் பாராட்டுகிறார்கள். ஒரு நாள் அவன், "அம்மா, நான் வெளிநாடு போய்ச் சங்கீதத்தில் பிழைக்கப் போகிறேன்" என்கிறான். பையனாக இல்லாமல் பெண்ணாகவும் இருக்கலாம்.

பெற்றோர் என்ன சொல்வார்கள்?

"பாட்டு சோறு போடுமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் கையில் இருப்பது அரைக் காணி நிலமோ, நாலு பவுன் நகையோ. அதை விற்றுத்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும். விற்றது திரும்பி வராவிட்டால்?

பாட்டு சோறு போடும். அப்படிப் போட்டது உண்டு. யாருக்குப் போட்டது, எத்தனை வருஷத்துக்குப் பிறகு போட்டது என்பதைத் தெரிந்துகொண்டால், அந்தப் பெற்றோருக்கும் பையனுக்கும் வழி தெரியும்.

அம்மா விற்ற ரேடியோ

1943-ம் ஆண்டு பிறந்த இளையராஜாவுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஞானதேசிகன். பள்ளிக்கூடத்தில் அது ராஜையா ஆயிற்று. தந்தை பெயர் ராமசாமி. தாயார் சின்னத்தாயம்மாள்.

அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் ஊர் ஊராகப் போய்க் கம்யூனிஸ்டு கட்சி மேடைகளில் பாடி வந்தார். சுமார் 14 வயதில் ராஜையாவும் அந்தக் குழுவில் சேர்ந்தார். ஆர்மோனியம் வாசித்தார். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இப்படியே கழிந்தன. மேடை, மறுபடியும் மேடை. ஆயிரக்கணக்கான மக்கள் எதிரே வாசித்து வாசித்துக் கை பழகியது.

1968-ம் ஆண்டு அண்ணன் பாஸ்கருடன் சென்னைப் பட்டணத்துக்குப் புறப்பட்டார். கையில் காசு இல்லை. தாயார் வீட்டில் இருந்த ரேடியோவை விற்றார். கிடைத்தது 400 ரூபாய். அதை அப்படியே பிள்ளைகள் கையில் கொடுத்தார். இந்தச் செய்தியை இளையராஜாவே பின்னாளில் மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் ரேடியோ சாதாரணப் பொருள் அல்ல. வீட்டுக்குள் பாட்டு வரும் ஒரே வழி அதுதான். அந்தத் தாய் விற்றது அதைத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை பத்து ஆண்டுகள் மேடையில் வாசித்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அவர் ரேடியோவை விற்றார். அவன் கையில் வித்தை இருப்பது அவருக்குத் தெரியும். முதலில் வித்தை, பிறகு விற்பனை!

சங்கீதத்துக்கும் அரிச்சுவடி உண்டு

சென்னையில் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். ஒரு விடுதி அறையில் இருந்துகொண்டு மேல்நாட்டு இசையைக் கற்பித்து வந்தார். சினிமா உலகத்தில் பலருக்கு அவர்தான் ஆசான். ராஜையா அவரிடம் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ராஜையா கற்றுக்கொண்டது புதிதாக ஒரு எழுத்து. சங்கீதத்தின் எழுத்து.

அது என்ன எழுத்து? எழுதப் படிக்கப் பழகிய எவருக்கும் இது எளிதில் விளங்கும்.

ஒரு தாளில் குறுக்கே ஐந்து கோடு போடுகிறார்கள். கோட்டின் மேலும், கோடுகளுக்கு இடையிலும் புள்ளி வைக்கிறார்கள். புள்ளி மேலே ஏறினால் சுருதி ஏறும். கீழே இறங்கினால் சுருதி இறங்கும். புள்ளியின் நடு வெள்ளையா, கறுப்பா? அதற்குக் காம்பு உண்டா, காம்பில் வால் உண்டா? இதைப் பார்த்தால் அந்த ஒலி எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தாய் கடிதம் போடுகிறாள். தாய் அங்கே போகவில்லை. ஆனால் அவள் சொன்ன சொல் மகன் காதில் கேட்கிறது. எழுத்தின் பெருமை அது. ஐந்து கோட்டுத் தாளும் அப்படிப்பட்ட கடிதம்தான். எழுதியவன் ஒரு நாட்டில் இருப்பான். வாசிப்பவன் வேறு நாட்டில் இருப்பான்.

நம் நாட்டுச் சங்கீதத்துக்கும் எழுத்து உண்டு. ச, ரி, க, ம என்று எழுதிக்கொள்கிறோம். ஆனால் கமகமும் குழைவும் குருவின் வாயில் இருந்து சீடன் காதுக்கு வரவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்கமுடியும். அது நம் முறை. அதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ராவின் முறை வேறு. அங்கே எழுபது, எண்பது பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள். எழுபது பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா? ஆகவே எழுத்துதான் அங்கே குரு.

லண்டன் பரீட்சை

ராஜையா மேல்நாட்டுக் கிதார் வாத்தியமும் கற்றார். லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார் பரீட்சையில் தேறினார். தங்கப் பதக்கம் பெற்றார்.

1872-ம் ஆண்டு தொடங்கிய கல்லூரி அது. அதன் பரீட்சைகள் பல நாடுகளில் நடக்கின்றன. லண்டனுக்குப் போய் எழுத வேண்டும் என்பது இல்லை. ஆகவே ராஜையா லண்டனுக்குப் போகும் முன்பே லண்டன் அவரிடம் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

பரீட்சை தேறியவுடன் பெரிய வாய்ப்பு வந்துவிட்டதா? இல்லை. ஜி.கே. வெங்கடேஷ் என்ற இசை அமைப்பாளரிடம் உதவியாளராக வேலை பார்த்தார். சலீல் சௌத்ரியின் இசைக்குக் கிதார் வாசித்தார். மற்றவர் பாட்டை எழுதுவதும், மற்றவர் பாட்டை வாசிப்பதுமாக ஆண்டுகள் ஓடின.

1976-ம் ஆண்டு பட அதிபர் பஞ்சு அருணாசலம் "அன்னக்கிளி" படத்தில் வாய்ப்புக் கொடுத்தார். ராஜையா, இளையராஜா ஆனார். மற்றது தமிழ்நாடு அறிந்த கதை.

1986-ம் ஆண்டு "ஹவ் டு நேம் இட்" என்ற வாத்திய இசைத் தொகுப்பை வெளியிட்டார். அதைத் தியாகராஜ சுவாமிகளுக்கும், ஜெர்மனி நாட்டு இசை மேதை பாக் அவர்களுக்கும் காணிக்கையாக்கினார். திருவையாறும் ஜெர்மனியும் ஒரே தட்டில்!

வேளைக்குக் கூலி

1993-ம் ஆண்டு. இளையராஜாவுக்கு 50 வயது. லண்டனுக்குப் போனார். ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா அவர் எழுதிய சிம்பொனியை வாசித்துப் பதிவு செய்தது. நடத்தியவர் ஜான் ஸ்காட்.

இந்த ஆர்க்கெஸ்ட்ரா 1946-ம் ஆண்டு சர் தாமஸ் பீச்சம் என்பவர் தொடங்கியது. பெரிய பெயர். ஆனால் உள்ளே இருக்கும் கலைஞர்களின் பிழைப்பு எப்படி என்று கேட்டால் நம்மவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

லண்டனின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் பலவற்றில் வாத்தியக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வேளைக்குக் கூலி! நாற்று நடும் வேலை மாதிரிதான். ஒலிப்பதிவில் ஒரு வேளை என்பது பெரும்பாலும் மூன்று மணி நேரம். கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு. அது 1893-ம் ஆண்டிலேயே ஏற்பட்டது. நேரம் மீறினால் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்.

எழுபது பேரை மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் செலவு எவ்வளவு ஆகும்? ஒரு தாளில் ஒரு புள்ளி தவறாக இருந்தால் எழுபது பேரும் நிற்பார்கள். கடிகாரம் நிற்காது. அதனால் அங்கே போகிறவர் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக்கொண்டு போக வேண்டும். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடம் இல்லை.

1993-ம் ஆண்டுப் பதிவு இசைத்தட்டாக வெளிவரவில்லை. எத்தனையோ பேர் எதிர்பார்த்தார்கள். வரவே இல்லை. இளையராஜா போன்ற புகழ் பெற்றவருக்கும் இது நேர்ந்தது. வெளிநாடு போய் ஒரு காரியம் முடித்துவிட்டால் மறுநாள் உலகம் நம் காலடியில் விழும் என்று நினைக்கும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அவர் சோர்ந்துவிடவில்லை. மாணிக்கவாசகரின் திருவாசகத்துக்கு இசை எழுதி, ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வாசிக்க வைத்தார். அது 2005-ம் ஆண்டு வெளியாயிற்று. ஹங்கேரிக் கலைஞருக்கு மாணிக்கவாசகர் யார் என்று தெரிந்திருக்க வேண்டியது இல்லை. அவர் முன்னே தாள் இருந்தது, அது போதும்.

அதன் பிறகு 2025-ல் "வேலியண்ட்". இதை 35 நாட்களில் எழுதி முடித்ததாக இளையராஜா அறிவித்தார். 35 நாள்தானா என்று வியக்கலாம். அதற்கு முன்னால் ஐம்பது வருஷப் பழக்கம் இருக்கிறது. முதல் முறை லண்டனில் சிம்பொனி பதிவு செய்ததற்கும், இந்த அரங்கேற்றத்துக்கும் இடையே 32 ஆண்டுகள்.

இன்னொரு செய்தி. இளையராஜா லண்டனில் குடியேறவில்லை. வேலை முடிந்தது; சென்னைக்குத் திரும்பிவிட்டார். வெளிநாட்டில் இசைத் தொழில் செய்வது என்றால் வெளிநாட்டிலேயே வாழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டில் இருந்து எழுதலாம். அங்கே வாசிக்கலாம்.

மண்பானையோடு போனவர்

எழுத்துக் கற்றவர்களுக்கு மட்டும்தான் வெளிநாடா? இன்னொரு வழியும் உண்டு. அங்கே யாரிடமும் இல்லாத ஒன்றைக் கொண்டு போவது.

டி. விசுவநாதன் என்ற புல்லாங்குழல் கலைஞர் இருந்தார். பரத நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் சகோதரர். 1958-ம் ஆண்டு புல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்கா போனார். பிற்பாடு வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். 2002-ம் ஆண்டு காலமாகும் வரை அங்கே கர்நாடக சங்கீதம் கற்பித்தார். அவருடைய சகோதரர் டி. ரங்கநாதனும் அதே பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். மேடைக் கச்சேரியை மட்டும் நம்பாமல், ஆசிரியர் வேலையில் காலூன்றியவர்கள் இவர்கள். மாதச் சம்பளம் வந்தது. கலையும் வளர்ந்தது.

அதே பல்கலைக்கழகத்துக்கு வயலின் கலைஞர் எல். சங்கர் படிக்கப் போனார். அங்கே ஜான் மெக்லாலின் என்ற புகழ் பெற்ற கிதார் கலைஞரைச் சந்தித்தார். இருவரும், தபலா மேதை ஜாகிர் உசேனும், கடம் விநாயக்ராமும் சேர்ந்து "சக்தி" என்ற குழுவில் வாசித்தார்கள். 1976-ம் ஆண்டு அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது.

கடம் என்பது என்ன? மண்பானை! மதுரைக்கு அருகே உள்ள மானாமதுரையில் செய்யும் கடம் பெயர் பெற்றது. அங்கே மண்ணைக் குழைத்து, தட்டி, சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். கச்சேரிகளில் பின்வரிசையில் இருந்த வாத்தியம் அது. விநாயக்ராம் அதை உலக மேடையின் முன்வரிசைக்குக் கொண்டு போனார்.

அவருக்கு 1992-ம் ஆண்டு அமெரிக்காவின் கிராமி பரிசு கிடைத்தது. "பிளானட் டிரம்" என்ற இசைத் தொகுப்பில் வாசித்ததற்காக அது வந்தது. அவருடைய மகன் செல்வகணேஷ் பிற்காலத்தில் அதே "சக்தி" குழுவில் சேர்ந்தார். 2024-ம் ஆண்டு அந்தக் குழுவுக்கும் கிராமி கிடைத்தது. அப்பா ஒரு பரிசு. பிள்ளை ஒரு பரிசு!

விநாயக்ராம் எங்கே கற்றார்? தம் தந்தை ஹரிஹர சர்மாவிடம், சென்னையில். எம்.எஸ். சுப்புலட்சுமி போன்ற பெரியவர்களின் கச்சேரிகளில் வாசித்துத் தேர்ந்தவர். அவரும் வித்தை முற்றிய பிறகே கடல் தாண்டினார்.

நாதசுரம், தவில் வித்துவான்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், லண்டன், கனடா என்று தமிழர்கள் கோவில் கட்டிய இடங்களில் எல்லாம் மங்கள இசை வேண்டும். திருவிழாக் காலத்தில் நம் ஊர் வித்துவான்களை அழைக்கிறார்கள். அவர்களிடம் அந்த நாட்டுப் பரீட்சைச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. ராகம் கேட்கிறார்கள். தாளம் கேட்கிறார்கள்.

இரண்டும் தெரிந்தவர்

இரண்டு வழிகளையும் சேர்த்துப் பிடித்தவர் ஏ.ஆர். ரகுமான். அவரும் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டவர். இளையராஜாவின் குழுவில் கீ-போர்டு வாசித்தவர்.

2002-ம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் "பாம்பே ட்ரீம்ஸ்" என்ற இசை நாடகம் அரங்கேறியது. ஆண்ட்ரூ லாயிட் வெபர் என்ற ஆங்கில நாடக இசை மேதை தயாரித்தார். இசை ரகுமான். அது இரண்டு ஆண்டுகள் ஓடியது. 2009-ம் ஆண்டு "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்துக்கு இரண்டு ஆஸ்கார் பரிசுகள் பெற்றார். மேடையில் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னார்.

அவரும் சென்னையை விட்டுவிடவில்லை. 2008-ம் ஆண்டு அங்கே ஒரு இசைக் கல்லூரி தொடங்கினார். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வாத்தியம் இலவசமாகக் கற்றுத் தர "சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா" என்ற குழுவையும் ஏற்படுத்தினார்.

நிலத்தை விற்கும் முன்

இனி ஜெயமங்கலத்து வீட்டுக்கு வருவோம். பையன் வெளிநாடு போகவேண்டும் என்கிறான். பெற்றோர் என்ன செய்வது?

முதலில் படிப்பு. மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ட்ரினிட்டி பரீட்சை முதல் படியில் இருந்து எட்டாவது படி வரை உண்டு. ஒவ்வொன்றாக ஏறலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் இளையராஜா பெயரில் இசை ஆய்வு மையம் அமைக்க 2024-ம் ஆண்டு ஏற்பாடு ஆயிற்று. எழுத்து வடிவ இசையைக் கற்க, நிலத்தை விற்க வேண்டியது இல்லை. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கூடவே ஒரு நல்ல ஆசிரியர் வேண்டும்.

இரண்டாவது, விசா. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் வாசித்துச் சம்பாதி" என்று சொல்பவர்கள் உண்டு. நம்பக் கூடாது. அமெரிக்காவில் சுற்றுலா விசாவில் போய்க் கூலிக்கு வாசிப்பது சட்ட விரோதம். திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் அந்த நாட்டு வாசலை மிதிப்பது கடினம்.

அமெரிக்காவில் கலைஞர்களுக்கென்று தனி விசாக்கள் இருக்கின்றன. ஒரு நாட்டுக்கே உரிய கலையைக் கொண்டு போகிறவர்களுக்கு "பி-3" என்று ஒன்று. மிகப் பெரிய சாதனை படைத்தவர்களுக்கு "ஓ-1" என்று ஒன்று. இவற்றுக்கு அங்கே அழைக்கிறவர்தான் முதலில் மனுப் போட வேண்டும். பிரிட்டனிலும் கலைஞர்களுக்குத் தற்காலிக வேலை விசா உண்டு. அங்கேயும் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று பொறுப்பு ஏற்கவேண்டும். ஆகவே, அழைப்பு இல்லாமல் விசா இல்லை. அழைப்பு வரவேண்டும் என்றால் கையில் வித்தை இருக்க வேண்டும்.

மூன்றாவது, முகவர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். அரசாங்கத்தின் "இ-மைக்ரேட்" இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணத்துக்கு அந்தச் சட்டத்தின் விதிகள் 30 ஆயிரம் ரூபாய் என்று எல்லை வைத்திருக்கின்றன. வரி தனி. மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று ஒருவர் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். சந்தேகம் வந்தால் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிடம் கேட்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

நான்காவது, ஒப்பந்தம். சம்பளம் எவ்வளவு, எத்தனை நாள், தங்கும் இடம் யார் பொறுப்பு, திரும்பி வரும் விமானச் சீட்டு யார் செலவு? இவை எல்லாம் தாளில் இருக்க வேண்டும். பாட்டு எழுதுபவராக இருந்தால் உரிமை யாருக்கு என்பதும் இருக்க வேண்டும். நம் நாட்டில் 2012-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. சினிமாப் பாட்டு கொட்டகைக்கு வெளியே ஒலித்துச் சம்பாதிக்கும் பணத்தில் பாடலாசிரியருக்கும் இசை அமைப்பாளருக்கும் பங்கு உண்டு என்று அது சொல்கிறது. வெளிநாட்டு ஒப்பந்தம் வேறு பாஷையில் இருக்கும். தெரிந்தவரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

ஐந்தாவது, பொறுமை. வேளைக்குக் கூலி என்றால் வேலை இல்லாத வேளையும் உண்டு என்று அர்த்தம். அதைத் தாங்க, கூடவே ஒரு தொழில் தெரிந்திருப்பது நல்லது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, ஒலிப்பதிவுக் கருவிகளை இயக்குவது, மற்றவர் பாட்டை ஐந்து கோட்டில் எழுதிக் கொடுப்பது, இப்படி ஏதாவது ஒன்று கைவசம் இருக்க வேண்டும். இளையராஜாவும் பல ஆண்டுகள் மற்றவர்களின் பாட்டுக்கு வேலை செய்துதான் சாப்பிட்டார்.

ஒரு சிறு பரீட்சை

பையன் தயாராகி விட்டானா என்று பெற்றோர் எப்படித் தெரிந்துகொள்வது? அவர்களுக்குச் சங்கீதம் தெரியாமல் இருக்கலாம். கவலை இல்லை. காது இருந்தால் போதும்.

பையன் தானாக ஒரு மெட்டுப் போடட்டும். அதை வீட்டில் வாசித்துக் காட்டட்டும். பிறகு அதை ஐந்து கோட்டுத் தாளில் எழுதட்டும். அந்தத் தாளைப் பெரியகுளத்திலோ மதுரையிலோ இசை எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டு போய்க் கொடுக்கட்டும். பையன் வாய் திறக்கக் கூடாது. "இது இப்படி, அது அப்படி" என்று விளக்கக் கூடாது.

அவர் தாளைப் பார்த்து வாசிக்கட்டும். அம்மா பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

வீட்டில் கேட்ட அதே மெட்டு வந்தால், பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடலாம். வேறு மெட்டு வந்தால், நிலம் இருக்கட்டும். இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும்.